டேனர் வீட்டுச் சம்பந்தம்

1

போன வாரம் வேலையில் ஒரு பார்சல் என் கைக்கு வந்தது. மேலே ‘டேனர்’ என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு டேனர். இந்த ஊரில் டேனர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். பார்சலைச் சரியான கூடையில் போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய் நின்றேன். ஒரு தபால்காரன் விலாசத்தைப் பார்த்துப் பயப்படுவது சமையல்காரன் உப்பைப் பார்த்துப் பயப்படுவது மாதிரி. ஏன் பயந்தேன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். இங்கே இருக்கிறவர்களுக்குப் புரியாது.

நான் பிரெஞ்சுக்காரன் ஆண்ட பக்கம், ஏம்பலத்துக்காரன். பேர் தணிகாசலம். மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். அந்தப் புண்ணியத்தில் மனைவி வசந்திக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அந்தப் புண்ணியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் பிரான்ஸ் போய், அந்த மொழி நாக்கில் ஏறாமல், குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினேன். இப்போது நடு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் தபால் பிரிக்கிறேன்.

இங்கே வந்த புதிதில் எல்லா அலுவலகத்திலும் ‘குடும்பப் பெயர்’ கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஏது பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் மிஸ்டர் கலியபெருமாள். போய்ச் சேர்ந்த அப்பாவைக் கேஸ் கம்பெனியும் தண்ணீர்க் கம்பெனியும் மாதா மாதம் மிரட்டுகின்றன. வசந்திக்கு அவள் அப்பா பெயர். மகள் யாழினிக்கு என் பெயர். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, “நீங்கள் மூன்று பேரும் எங்கே சந்தித்துக்கொண்டீர்கள்?” என்று கேட்டார். வசந்தி, “ஆஸ்பத்திரில” என்று தமிழில் சொன்னாள்.

2

வெள்ளைக்காரர்களுடைய குடும்பப் பெயர்களைப் பிரித்துப் பிரித்து எனக்கு ஒரு விளையாட்டு வந்துவிட்டது. மனதுக்குள் தமிழில் கூப்பிடுவேன். ஸ்மித் கொல்லர். டெய்லர் தையற்காரர். கூப்பர் பீப்பாய் செய்கிறவர். ஃபிளெட்சர் அம்பு செய்கிறவர். எப்போதோ பல நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாவின் ஆள் வரி வாங்க வந்து, “எந்த ஜான்?” என்று கேட்டிருக்கிறான். ஊரில் பாதிப் பேர் ஜான். “ரொட்டி சுடுற ஜான்” என்று காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவே பேக்கர் என்று எழுத்தில் ஏறி, பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. தொழில் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எங்கள் பல் டாக்டர் ஸ்மித். என் தெருவில் இருக்கிற மிஸஸ் பேக்கருக்குக் கோதுமை ஆகாது. பெயருக்குள் ஒரு தொழில் உட்கார்ந்திருப்பதை அவர்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால் யாழினி ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில், “அப்பா, மார்க்னு ஒருத்தர். மார்க் டேனர்” என்று ஆரம்பித்தபோது, அவள் எதிர்பார்த்த கேள்வி எதுவும் எனக்கு வரவில்லை. பையன் என்ன படித்தான், குடிப்பானா, எதுவும் இல்லை. மூளைக்குள் விளையாட்டு தானாக ஓடியது. டேனர்: தோல் பதனிடுகிறவர்.

மாட்டுத் தோல். எங்கள் ஊரில் அந்த வேலை என்றதும் யாரை நினைப்பார்கள், அவர்களை எந்தத் தெருவில் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஜாதி பார்க்கிறவன் இல்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். என் பயம் எல்லாம் அண்ணனைப் பற்றித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா இல்லாததால் நிச்சயத் தட்டை அண்ணன்தான் வாங்க வேண்டும். யாழினிக்கும் அதில் பிடிவாதம். லீவுக்குப் போனபோதெல்லாம் டிராக்டரில் ஏற்றிக் கரும்புக் கொல்லையைச் சுற்றிக் காட்டிய பெரியப்பா. “பெரியப்பா தட்டு வாங்கலன்னா எனக்கு எதுவும் வேணாம்” என்று சொல்லிவிட்டாள். பெயரின் அர்த்தம் தெரிந்து அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தால், பங்காளிகள் அத்தனை பேரும் பின்னால் எழுவார்கள். என் பெண் ஊர் முன்னால் நிற்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணியிடமிருந்து வீடியோ கால்.

“தம்பி, மாப்ள வூட்ல இன்னா ஆளுங்க?”

“வெள்ளைக்காரங்க அண்ணி.”

“அதான் போட்டோவுல பாத்தனே, வெள்ளையடிச்ச செவுரு மாதிரி கீறாரு. வெள்ளைக்காரன்லயே இன்னா ஆளுங்க? அவங்களுக்கும் ஒரு இது இருக்குமில்ல?”

“அங்கெல்லாம் அது கிடையாது அண்ணி. டேனர்னு ஒரு வீட்டுப் பேர், அவ்ளோதான்.”

“டேனர்னா?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ‘தெரியாது’ என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் எனக்கு விஷயம் தெரிந்து தொலைத்திருந்தது. அந்தச் சொல்லின் வேர் ஓக் மரப் பட்டை. தோலை அந்தப் பட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டதால்தான் அந்தப் பேர். தோலை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“மரம் சம்பந்தப்பட்டது அண்ணி. பெரிய பெரிய மரம்.”

பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியை அண்ணி தானே கட்டிக்கொண்டார். மறுவாரம் அண்ணன் போனில், “இன்னாடா, சம்பந்திக்குக் காடே சொந்தமாமே?” என்றார். அதற்கடுத்த வாரம் கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் மாமா ஒருவர் ‘ஜமீன்’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தியதாகத் தகவல் வந்தது.

3

ஜமீன்தார் கிரகாம் டேனர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி தவறிவிட்டார். நகரசபை வாடகைக்குக் கொடுத்த வீட்டின் பின்பக்கம் அவருக்குச் சொந்தமான காடு உண்டு: இரண்டு தொட்டி, தக்காளி. பயணிகளிடம் பேசிப் பழகிய மனுஷர், நல்ல மனுஷர். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு வருகிற வியாதி அது: வம்சாவளி தேடுவது. பழைய சர்ச்சுகளில் தூசி தட்டி ஒன்பது தலைமுறை டேனர்களைப் பிடித்து வைத்திருந்தார். நிச்சயத்துக்காக எல்லோரும் ஊருக்குப் பறந்தோம். விமானத்தில் பதினோரு மணி நேரம், ஜன்னல் பக்கம் நான், நடைபாதைப் பக்கம் அவர். மூத்திரம் போகக்கூட வழியில்லாமல் தோல் ஊற வைக்கும் முறையைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“உங்க ஊர்ல சம்பந்தி வீட்டாரோட பரம்பரையைக் கேப்பாங்களாமே? யாழினி சொன்னா” என்றார் கண் மின்ன. “மூணு தலைமுறை போதுமாம். நான் ஒன்பது கொண்டு வந்திருக்கேன்.”

எங்கள் பக்கம் நிச்சயத்தில் ஐயர் பத்திரிகை வாசிக்கும்போது இன்னாரின் கொள்ளுப் பேரன், இன்னாரின் பேரன், இன்னாரின் மகன் என்று சபையில் சொல்வார். அது சடங்கு, யாரும் காதில் வாங்குவதில்லை. பெண்கள் அப்போதுதான் புடவை விலை கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அந்தச் சடங்குக்காகவே ஆராய்ச்சி செய்துகொண்டு வருவார் என்று எங்கள் முன்னோர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏம்பலத்தில் இறங்கியதும் மேளம். அண்ணன் கிரகாமுக்கு மாலை போட்டார். வீட்டிலேயே பெரிய நாற்காலி அவருக்கு. அண்ணி வாழை இலையில் அடுக்கிய அயிட்டத்தைப் பார்த்து கிரகாம் முதலில் அது எல்லோருக்கும் சேர்த்து என்று நினைத்தார்.

“சம்பந்திய கேளுப்பா, காடு எத்தினி காணி இருக்கும்?” என்றார் அண்ணி.

“என்ன கேட்கிறார்கள்?” என்றார் கிரகாம்.

“உங்களுக்கு மரங்கள் பிடிக்குமா என்று.”

“ரொம்பப் பிடிக்கும்!” என்று இரண்டு கையையும் விரித்தார்.

அண்ணி அந்தக் கை விரிப்பை அளந்து பார்த்து, “அவ்ளோவா!” என்றார்.

அன்று சாயந்திரம் கிரகாம் என்னைத் தனியே கூப்பிட்டு, “தணி, ஏன் எல்லோரும் என்னிடம் மரத்தைப் பற்றியே பேசுகிறார்கள்?” என்று கேட்டார். இயற்கையை நேசிக்கிற ஜனங்கள் என்றேன். பின்னால் வேலியோரம் அண்ணன் ஒரு வேப்ப மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

4

கிரகாமுக்கு விடிந்ததும் நடக்க வேண்டும். இரண்டாம் நாள் அவரைக் காணோம். வெயில் ஏறிய பிறகு வியர்த்து விறுவிறுத்து வந்தார். மெயின் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத் தெருவுக்குப் போயிருக்கிறார். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்களாம். அந்த வீட்டுப் பெண் நர்ஸாம், பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் வேலையாம், அழகாக இங்கிலீஷ் பேசினாளாம். அவர்களோடு நின்று எடுத்த போட்டோவை எல்லோருக்கும் காட்டினார்.

அண்ணி போட்டோவைப் பார்த்தார். முகம் மாறவில்லை, குரல்தான் இறங்கியது.

“தம்பி, நம்மாளுங்க அந்தப் பக்கம் போயி வாயில எதுவும் வைக்க மாட்டாங்கன்னு பக்குவமா சொல்லுப்பா. அவருக்குத் தெரியாது பாவம்.”

கிரகாம் என்னைப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் ரோடு சரியில்லையாம், விழுந்துடுவீங்கன்னு கவலைப்படறாங்க” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

கிரகாம் அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். அண்ணியும் கும்பிட்டார். மொழிபெயர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும், இரண்டு தரப்புக்கும் திருப்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பினால், யாழினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் என்னிடம் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். தமிழ் அவளுக்குப் பாதி போய்விட்டது என்று வசந்தி கண் கலங்குவாள். பாதி போய்விட்டதில் எனக்கு உள்ளூர வசதிதான், நாங்கள் அவளை வைத்துக்கொண்டே ரகசியம் பேசலாம். அன்று அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பேச்சு பாதி போயிருக்கலாம். காது முழுசாக இருக்கிறது என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது.

5

நிச்சயம் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். கிரகாம் கையில் கிடைக்கக் கூடாதென்று காலையிலேயே போய் மைக்கைத் தேடினேன். கையில் பிடிக்கிற மைக். அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷன் சொந்த மகள் நிச்சயத்தில் திருட்டுத்தனமாக பேட்டரி கழற்றும் காட்சியை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். மைக்செட்டுக்காரர் பேசிப் பார்த்தார், சத்தம் வரவில்லை, வேறு ஒன்றை எடுத்து மாட்டினார். என் புத்திசாலித்தனம் மொத்தமே அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

ஐயர் வாசித்தார். கிரகாமின் குமாரன், ஆர்தரின் பேரன், வில்லியமின் கொள்ளுப் பேரன் என்று அவர் வாயில் டேனர்கள் சமஸ்கிருதத்தில் புரண்டார்கள். தட்டு தயாராக இருந்தது. அண்ணன் பட்டு வேட்டியோடு முன்னால் வந்தார். முடிந்தது என்று நான் மூச்சை விட்ட அதே நிமிஷம் கிரகாம் எழுந்து, “இரண்டு நிமிஷம் பேசலாமா?” என்றார்.

“பேசட்டும், பேசட்டும்! ஜமீன் பேசட்டும்!” என்று பங்காளிகள். “தணிகா, நீ தமிழ்ல சொல்லு.”

மேடையில் அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மார்க். பின்னால் சுவர். முன்னால் முந்நூறு பேர்.

“எங்கள் குடும்பப் பெயரே எங்கள் தொழில்” என்றார் கிரகாம்.

“இவங்க பேர்லயே தொழில் இருக்கு” என்றேன். இதுவரைக்கும் ஒழுங்கு.

“என் முன்னோர்கள் ஓக் மரப் பட்டையைக் குழியில் ஊற வைத்து, அதில் மாட்டுத் தோலைப் போட்டு வைப்பார்கள்.”

“இவங்க முன்னோருங்க ஓக் மரத்த வச்சி… குழி எடுத்து… மரம் நட்டு வளத்தாங்க.”

கைதட்டல். கிரகாமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு தோலைக் கட்டை மேல் விரித்துக் கத்தியால் முடி சுரண்டுவதை இரண்டு கையாலும் செய்து காட்டினார். நான், “மரத்த இழைச்சாங்க” என்றேன். தோலை மிருதுவாக்க நாய் மலத்தைக் கரைத்து ஊற்றியதையும் அவர் ஒளிக்கவில்லை. “இயற்கை உரம் போட்டாங்க” என்றேன்.

“நாற்றம் தாங்காமல் அவர்களை ஊருக்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆற்றின் கடைசியில். அவர்களுக்குக் கீழே யாரும் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஊர் முழுக்க அவர்கள் பதனிட்ட தோலில்தான் செருப்புப் போட்டு நடந்தது.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “அதனால் இந்தப் பெயர் எனக்குப் பெருமை.”

“ஊருக்கு வெளியே, ஆத்தோரமா, காத்தோட்டமான இடத்துல பெரிய…”

என் கையிலிருந்த மைக் போய்விட்டது. யாழினி.

“அப்பா சொல்றது தப்பு” என்றாள். தமிழில். முந்நூறு பேர் முன்னால். “கிரகாம் மாமா சொன்னது வேற. அவங்க தாத்தாங்க மாட்டுத் தோல் வேலை செஞ்சாங்க. நாறும்னு ஊருக்கு வெளியே வெச்சாங்க. அவங்க தண்ணி யாரும் தொடல. அதான் டேனர். காடு எல்லாம் இல்ல. மாமா பஸ் ஓட்டினாங்க.”

அண்ணன் கை தட்டுக்கு நேராக நின்றிருந்தது, தட்டைத் தொடாமல். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது காதர் பாய். வில்லியனூரில் உரக்கடை வைத்திருப்பவர், அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்.

“அட, தோல் ஷாப்பா! இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா தணிகா? என் மச்சான் ராணிப்பேட்டையில அதாம்பா பண்றாரு. எக்ஸ்போர்ட்டு! சம்பந்திய ஒரு தபா அங்க கூட்டினு போவணும்!” என்று மேடையேறி கிரகாமின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். அண்ணி எழுந்து நின்று, “அட ஏம்மா நீ வேற! வெள்ளைக்காரங்க இன்னா வேல செஞ்சா இன்னா? அவங்களுக்கு அதெல்லாம் ஒட்டுமா?” என்றார். மண்டபமே சிரித்தது. மேளக்காரருக்கு யாரோ சைகை காட்டினார்கள். கெட்டிமேளத்தில் அண்ணன் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பந்தியில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் சொன்னார்: “இத்துக்காடா இத்தினி மாசம் மென்னு முழுங்கினு இருந்த? பைத்தியக்காரா. வெள்ளைக்காரனுக்கு ஏதுடா ஜாதி? பாயசம் ஊத்திக்க.”

ஊற்றிக்கொண்டேன். நாலு தம்ளர். மாசக்கணக்கில் இறங்காத சோறு அன்றுதான் இறங்கியது.

6

மண்டபத்திலிருந்து வேனில் கிளம்பினோம். முன்சீட்டில் கிரகாம். நடுவில் நானும் யாழினியும். பின்னால் வசந்தியும் மார்க்கும் தாம்பூலத் தட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியான வெயில். ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் வயல்.

நான் நல்ல குஷியில் இருந்தேன். “பாத்தியா, ஒண்ணும் ஆகல. உங்கப்பன்தான் கோமாளி” என்று யாழினியைச் சீண்டினேன்.

“ஆமா, ஒண்ணும் ஆகல” என்றாள். தமிழில். நான் திரும்பிப் பார்த்தேன்.

“பெரியப்பா சிரிச்சாங்க. பெரியம்மா சிரிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.”

“அப்புறம் என்னம்மா? மாமா வெள்ளைக்காரர். அவங்களுக்கு…”

“ஒட்டாது. கேட்டேன்.” வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தாள், கூட்டத்தில் சில்லறை கொட்டிவிட்டவள் பொறுக்குவது மாதிரி. “மாமாவுக்கு டீ குடுத்தாங்கல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம். மார்க் அந்த வீட்டுப் பையனா இருந்தா, அப்பா, இன்னிக்குப் பெரியப்பா தட்டு வாங்கியிருப்பாங்களா? நீங்க என்னைக் கூட்டிட்டு இங்க வந்திருப்பீங்களா?”

எனக்கு எந்த இடத்திலும் ஒரு ஜோக் வரும். சவ அடக்கத்தில் வந்திருக்கிறது, ஆபரேஷன் மேசையில் வந்திருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

பெரியப்பா என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் இரண்டாவதாகக் கேட்டதுதான் கேள்வி.

டிரைவர் ஹாரன் அடித்தார். டிராக்டர் அசையவில்லை. கிரகாம் முன்சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி, கழுத்தில் இன்னும் கழற்றாத மாலையோடு என்னைப் பார்த்தார்.

“தணி, அவள் என்ன கேட்கிறாள்?”

ரோட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று சொல்லலாம். வெயிலைப் பற்றி என்று சொல்லலாம். யாழினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது தெரிந்துவிட்டவள் மாதிரி.

சொன்னேன். மெயின் ரோடு, அந்தத் தெரு, அந்த டீ, ரோடு சரியில்லை என்று நான் மாற்றிச் சொன்னது, கடைசியில் அவள் கேட்ட இரண்டு கேள்விகள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அந்தப் பயணத்தில் நான் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

கிரகாம் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவரும் அந்த இரண்டாவது கேள்வியின் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.